எந்தக் கோத்தியே?

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு லூட் சுவடிகளைப் புரட்டுவோர் ஒரு பெயரை மீண்டும் மீண்டும் சந்திப்பர்: கோத்தியே. மேலே ஒரு நடனத்தின் பெயர், அதையடுத்து இந்த ஒற்றைச் சொல், அதன்கீழ் இசை. படியெடுத்தவருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. அவர் யாரைக் கருதினார் என்பது அவருக்கும் அவருடைய ஆசிரியருக்கும் தெரியும். பக்கத்து அறையில் அமர்ந்து கேட்டவருக்கும் தெரியும். முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கு மட்டும் தெரியாது.

ஏனெனில் அந்தப் பெயரைத் தாங்கிய லூட் கலைஞர்கள் அந்த நூற்றாண்டில் நால்வரேனும் இருந்தனர். முதலாமவர் எனமோன் கோத்தியே. 1575 அளவில் தொஃபினே பகுதியில் பிறந்தவர். அரசி மரி த மெதிசியின் அவையில் பணியாற்றியவர். 1631இல் அரசி நாட்டை விட்டு வெளியேறிய காலத்தில் தாமும் ஓய்வுபெற்றுச் சொந்த ஊர்ப்பக்கம் சென்று 1651இல் மறைந்தவர். இரண்டாமவர் அவருடைய உறவினரான தெனி கோத்தியே. பாரிஸில் வாழ்ந்து 1672இல் மறைந்தவர். மூன்றாமவர் ஜாக் கோத்தியே. 1617இல் ஒரு கொலை வழக்கைத் தொடர்ந்து இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, அங்கே அரசவைக் கலைஞராக நிலைபெற்றவர். நான்காமவர் ஓர்லியோன் நகரத்துப் பியேர் கோத்தியே. 1638இல் ரோம் நகரில் தம் படைப்புகளை அச்சிட்டவர். இந்நால்வரில் முதலிருவர் உறவினர் என்பது உறுதி. மற்ற இருவரும் அவர்களோடு எவ்வகையிலும் உறவுடையவர் என்பதற்குச் சான்றில்லை. பெயர் ஒன்று, ஆட்கள் நால்வர், அவர்களுடைய இசையோ ஐரோப்பா முழுவதும் சிதறிக் கிடக்கிறது.

இது கோத்தியேக்களுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. கலோ என்ற பெயரிலும் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்தனர். பாரிஸின் ஜாக் கலோவை 'மூத்த கலோ' என்றார்கள். ஆன்ழே நகரத்துக் கலோ வேறொருவர். துபூ என்ற பெயரில் தந்தையும் மகனும் இருந்தனர். இசை குடும்பத் தொழிலாக இருந்த காலத்தில் குடும்பப் பெயர் ஒரு தொழிற்கூடத்தின் முத்திரையைப் போன்றது. அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். எந்தக் கையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.

இச்சிக்கலின் ஆழத்தை உணர, லூட் இசை எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறிந்திருக்க வேண்டும். பேரிக்காயைப் பிளந்தாற்போன்ற உடலும், பின்னோக்கி மடிந்த தலையும், குடல் நரம்புகளும் கொண்ட கருவி அது. அதன் இசை டேப்ளேச்சர் என்னும் குறிமுறையில் எழுதப்பட்டது. பிரெஞ்சு முறையில் ஆறு கோடுகள் ஆறு நரம்பிணைகளைக் குறிக்கும். கோட்டின்மேல் உள்ள எழுத்து, விரல் எந்த மெட்டில் பதிய வேண்டும் என்பதைக் கூறும். 'ஏ' என்றால் திறந்த நரம்பு, 'பி' என்றால் முதல் மெட்டு. ஆக, டேப்ளேச்சர் சுரத்தைச் சொல்வதில்லை. விரலின் இடத்தைச் சொல்கிறது. கருவி எப்படிச் சுருதி சேர்க்கப்பட்டது என்பது தெரியாவிட்டால் அந்த எழுத்துகளிலிருந்து இசையைப் பெற முடியாது. எழுத்து இருந்தும் ஒலி இல்லாத ஒரு மொழியைப் போன்ற நிலை அது.

சுருதி அமைப்பும் அந்த நூற்றாண்டில் நிலையாக இருக்கவில்லை. பழைய மறுமலர்ச்சிக் காலச் சுருதி முறை மெல்ல வழக்கிழந்தது. பல புதிய முறைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. பியேர் பலார் 1631இலும் 1638இலும் அச்சிட்ட தொகுப்புகள் 'புதிய சுருதிகளில்' பல ஆசிரியர்களின் இசையைத் தருவதாகவே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. பின்னர் டி மைனர் சுருதி எனப்படும் அமைப்பு வென்று நிலைத்தது. எனமோன் வாழ்ந்த காலம் இந்த மாற்றம் முழுவதையும் தழுவியது. தெனியின் முதிர்ச்சிக் காலமோ பெரும்பாலும் வென்ற முறைக்குள் அடங்குகிறது. ஆகவே சுருதி சில வேளைகளில் சாட்சி சொல்லும்.

அவ்வாறு அது தெளிவாகச் சாட்சி சொல்லும் இடம் பொக்கே என்ற பெயர். ஷார்ல் பொக்கே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்றவர். பெஸார் 1603இல் கொலோன் நகரில் அச்சிட்ட 403 இசைத்துண்டுகள் கொண்ட பெருந்தொகுப்பில் அவர் பெயர் உண்டு. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மத்மொசேல் பொக்கே என்று அறியப்பட்ட பெண் கலைஞர் ஒருவரும் இருந்தார். படியெடுப்பவர் அவசரத்தில் அடைமொழியை விட்டுவிட்டால் இருவரும் ஒருவராகிவிடுவர்; அப்போது மறைந்துபோவது யார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆனால் பழைய சுருதிக்கும் புதிய சுருதிக்கும் இடையே ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது. விரல் பதியும் இடங்களே அந்தப் பெண்ணின் இசையை அவரிடம் திருப்பித் தந்துவிடுகின்றன. ஒரு கலைஞரின் இருப்பையே மெட்டெழுத்துகள் காத்துநின்றன என்பது சிறிய செய்தியன்று.

எல்லா இடங்களிலும் இப்படி நற்பேறு வாய்ப்பதில்லை. பழைய சுருதியில் பிறந்த இசையைப் புதிய சுருதிக்கு மாற்றி எழுதுவது அன்றைய வழக்கம். பத்து நரம்பிணைகளுக்கு எழுதப்பட்டதைப் பதினொன்றுக்கு விரித்து எழுதுவதும் எளிது. எனவே ஒரு படி பழைய சுருதியில் இருந்தால் இசை பழையது என்று ஓரளவு துணிந்து கூறலாம். புதிய சுருதியில் இருந்தால் அது புதியது என்று கூற முடியாது. சான்று ஒரு திசையில் மட்டும் பேசுகிறது. இதை மறந்தவர்கள் வழி தவறுகிறார்கள்.

மொழியும் தன் பங்குக்குக் குழப்பத்தை விளைவிக்கிறது. பிரெஞ்சின் 'த' என்னும் சிறு சொல் தமிழின் ஆறாம் வேற்றுமையைப் போன்றது. 'இராமனின் ஓவியம்' என்றால் இராமன் வரைந்ததாக இருக்கலாம், இராமனிடம் இருப்பதாக இருக்கலாம், இராமனைக் காட்டுவதாகவும் இருக்கலாம். 'ஆல்மாந்த் த கோத்தியே' என்றால் கோத்தியே இயற்றிய ஆல்மாந்த். 'தொம்போ த மெஸாஞ்ஜோ' என்றால் மெஸாஞ்ஜோ இயற்றியதன்று. 1638இல் மறைந்த லூட் கலைஞர் ரெனே மெஸாஞ்ஜோவுக்காக எனமோன் இயற்றிய இரங்கல் இசை. ஒரே உருபு ஓரிடத்தில் படைத்தவரையும் மற்றோரிடத்தில் பாடப்பட்டவரையும் சுட்டுகிறது. தொம்போ என்பது இரங்கல் வகை என்பதை அறிந்தவர் தடுமாற மாட்டார். ஆனால் புனைபெயரிட்ட கூரான்த்களிலும், நண்பர்களின் பெயரைத் தாங்கிய ஜீக்குகளிலும் இலக்கணம் துணைக்கு வராது. சூழலே பொருளை முடிவு செய்யும்.

வினைச்சொற்களும் அப்படியே. ரொபேர் பலாரின் 1614ஆம் ஆண்டு நூல் தன்னிடமுள்ள இசையை அவர் 'லூட்டில் அமைத்தார்' என்கிறது; 'இயற்றினார்' என்று கூறவில்லை. இன்னும் பின்னே சென்றால், 1530இல் அத்தேன்யான் பாரிஸில் அச்சிட்ட நடனத் தொகுப்பில் சில துண்டுகளுக்கு 'பி. பி.' என்ற முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன. அது பியேர் ப்லோந்தோ என்பவரைக் குறிக்கும் என்பது பரவலான கருத்து. அப்படியே இருந்தாலும், அந்த எழுத்துகள் உரிமை கொண்டாடுவது எதனை? மெட்டைப் புனைந்ததையா, வழக்கில் இருந்த நடன மெட்டை லூட்டுக்குத் தகுந்தவாறு மாற்றியதையா, தொகுத்துத் திருத்தியதையா? இந்த மூன்றையும் ஒரே சொல்லால் 'ஆக்கம்' என்று அழைப்பது பிற்காலத்தின் பழக்கம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைவழியே கைமாறிய கலை இது. ஒவ்வொருவரும் தம் அலங்காரங்களைச் சேர்த்தனர். ஒருவருடைய கூரான்த்துக்கு மற்றொருவர் 'தூப்ல' என்னும் மாறுபாட்டு வடிவம் எழுதினார். ஒரே இசை ஓரிடத்தில் ஆல்மாந்த் ஆகவும் மற்றோரிடத்தில் தாளம் மாறி ஜீக் ஆகவும் வாழ்ந்தது. இத்தகைய மரபில் 'உரிய இயற்றுநர்' என்று ஒருவரைத் தேடுவதே காலத்துக்குப் பொருந்தாத வேலையல்லவா?

மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிக்கு அந்தச் சுவடிகளே விடை தருகின்றன. எனமோனை 'மூத்த கோத்தியே' என்று அழைத்தவர்கள் இக்கால ஆய்வாளர்கள் அல்லர்; அவருடைய காலத்தவரும் அவர்களின் மாணவர்களும். அந்த அடைமொழிக்கு ஒரே பயன்தான்: இந்த இசை அந்த மற்றவருடையதன்று என்று வேறுபடுத்திக் காட்டுவது. இங்கிலாந்தில் மேரி பர்வெல் என்ற பெண்ணுக்காக எழுதப்பட்ட லூட் பயிற்சி ஏடு மூத்த கோத்தியேவைத் தனித்துப் போற்றுகிறது. 1680இல் பெரின் என்பவர் இவ்விசையை டேப்ளேச்சரிலிருந்து ஐந்துகோட்டுக் குறிமுறைக்கு மாற்றி அச்சிட்டபோதும் மூத்தவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்ட முயன்றார். ஹார்ப்சிகார்ட் கலைஞர் தாங்லபேர் தம் கைப்பட எழுதிய ஏட்டில் லூட் துண்டுகளை மாற்றி எழுதியபோது லூட் ஆசிரியர்களின் பெயர்களையும் உடன் குறித்துவைத்தார். மாற்றி எழுதும் உரிமை அனைவருக்கும் இருந்தது. ஆனால் முதலில் யாருடையது என்ற நினைவு அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்தது. அந்த நினைவை மீட்பது அவர்கள்மீது நம் காலத்தின் கவலையைச் சுமத்துவதாகாது.

இவ்வளவு கவலை இருந்தும் குழப்பம் நேர்ந்ததற்கு அச்சும் ஒரு காரணம். எனமோன் தம் வாழ்நாளில் ஒரு நூலையும் அச்சிடவில்லை. தெனி தம் இறுதிக் காலத்தில் லூட் நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் மறைந்த 1672ஆம் ஆண்டளவில் இரண்டாவது நூல் வந்தது. அதன் தலைப்பிலேயே 'நேவ் பிரபு கோத்தியே' என்று எனமோனும், 'அவருடைய உறவினர் கோத்தியே' என்று தெனியும் சேர்த்தே குறிக்கப்பட்டனர். மூத்தவரின் இசை இளையவரின் கைவழியாகவே அச்சேறியது. கையெழுத்தில் மட்டும் வாழ்ந்தவருக்கும் அச்சில் வாழ்ந்தவருக்கும் இடையே வழக்கு வந்தால், பின்வரும் தலைமுறைகள் அச்சின் பக்கமே சாய்கின்றன.

ஓவியமும் அதற்குத் துணைநின்றது. தெனியின் இசைக்கென 1652 அளவில் உருவாக்கப்பட்ட 'தெய்வங்களின் சொற்கலை' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட சுவடி, ஆப்ரஹாம் பாஸ், எஸ்தாஷ் ல சுயர், ரொபேர் நான்தேய் போன்ற கலைஞர்களின் கைவண்ணத்தால் அழகூட்டப்பட்டது. இன்று அது பெர்லினில் ஓவியங்களுக்கும் அச்சுப்படங்களுக்கும் உரிய காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் இசை நூலகத்தில் இல்லை. ஹாமில்டன் பிரபுக்களின் சேகரிப்பு 1882இல் பெர்லினுக்கு வந்தபோது அதுவும் வந்தது. நான்கே ஆண்டுகளில், 1886இல், ஓஸ்கர் ஃப்ளைஷர் தெனியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். எனமோனுக்கென்று ஒரு முழுத் தொகுப்பு வர மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. ஆந்த்ரே சூரியும் மொனிக் ரொலேனும் உழைத்த பிரெஞ்சு லூட் கலைஞர் வரிசையில் அது 1966இல் வெளிவந்தது. படம் போட்ட சுவடி கிடைத்தவருக்கு எண்பது ஆண்டு முன்னுரிமை. திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சரி, பிரித்தறிவது எப்படி? மூலபாட ஆய்வில் பழகியவர்களுக்குத் தெரிந்த வழிதான். ஒரே இசை எத்தனை சுவடிகளில் உள்ளது என்று தேடி, அவற்றை அருகருகே வைக்க வேண்டும். பிறகு, சாட்சிகளை எண்ணாமல் எடைபோட வேண்டும். ஒரு கூரான்த் ஆறு சுவடிகளில் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து அதை இளையவருடையது என்கின்றன. ஒன்று மட்டும் மூத்தவருடையது என்கிறது. எண்ணுபவர் ஐந்துக்கு ஒன்று என்று தீர்ப்பளிப்பார். எடைபோடுபவர் முதலில் பிழைகளைப் பார்ப்பார். அந்த ஐந்திலும் ஒரே இடத்தில், இசைக்குப் பொருந்தாத ஒரே தவறான மெட்டெழுத்து இருந்தால், ஐந்தும் ஒரே தாய்ப்படியிலிருந்து பிறந்தவை என்றாகிறது. அப்போது அவை ஐந்து சாட்சிகள் ஆகமாட்டா. ஒருவர் சொன்னதை ஐவர் திருப்பிச் சொன்னதாகவே கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற நிலை வந்தபின், தனித்து நிற்கும் அந்தச் சுவடியை எழுதியவர் யார், எங்கே, எப்போது, யாரிடம் பயின்றவர் என்று கேட்க வேண்டும். பிழைகளே இங்கே பேருதவி செய்கின்றன. பிழையற்ற படி தன் குலத்தை மறைத்துக்கொள்ளும்.

இத்தகைய உழைப்பைப் பல ஆண்டுகள் செய்தவர்கள் இருக்கிறார்கள். தெனியின் தொகுப்பை மொனிக் ரொலேனும் பிரான்சுவா-பியேர் குவாவும் சேர்ந்து 1996இல் வெளியிட்டனர். மூத்தவரின் தொகுப்புக்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள். அந்த இடைவெளியில் புதிய சுவடிகளும் வெளிச்சத்துக்கு வந்தன. ஆஸ்திரியாவின் எபென்டால் மாளிகையில் கொய்ஸ் குடும்பத்தார் காத்துவந்த ஏடுகள் அவற்றுள் சிறப்பானவை. ஒவ்வொரு புதிய சுவடியும் சில பெயர்களை உறுதி செய்யும். சில பெயர்களை அசைத்துவிடும். இந்தத் துறையில் எந்தப் பட்டியலும் இறுதியானதன்று.

இவற்றோடு ஒப்பிடும்போது நடையை வைத்துத் தீர்ப்பளிப்பது மிகவும் கவர்ச்சியானது. மிகவும் ஆபத்தானதும் அதுவே. 'இந்த அமைதி மூத்தவருக்கே உரியது' என்று ஒருவர் எழுதலாம். மூத்தவரின் அமைதி எத்தகையது என்பதை அவர் எங்கிருந்து அறிந்தார்? முன்பே மூத்தவருடையவை என்று ஒதுக்கப்பட்ட துண்டுகளிலிருந்து. அவற்றுள் சில தவறாக ஒதுக்கப்பட்டிருந்தால், அளவுகோலே வளைந்துவிடுகிறது. வளைந்த அளவுகோல் மேலும் சில துண்டுகளைத் தன் வளைவுக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. இன்று இப்பணியைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை வளர்ந்துவருகிறது. கணினி சோர்வின்றி ஒப்பிடும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கற்பிக்கப்படும் மாதிரிகளின்மேல் ஒட்டியுள்ள பெயர்கள் ஐயத்துக்குரியவை என்றால், அது அந்த ஐயத்தையே உறுதியான எண்களாக மாற்றித் தரும். சான்று ஆவணங்களில் தெளிவாக நிறுவப்பட்ட துண்டுகளை மட்டும் அடித்தளமாக்கி, நடையைக் கடைசி சாட்சியாக அழைப்பதே முறை.

பெயரிடாத இசையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பெரும்பெயர்கள் காந்தம் போன்றவை. உரிமையாளர் இல்லாத நல்ல துண்டுகளை அவை தம்பக்கம் இழுத்துக்கொள்கின்றன. நல்லதென்று தோன்றுவது கோத்தியேவுக்குப் போகிறது. சாதாரணமானது பெயரின்றி நின்றுவிடுகிறது. காலப்போக்கில் மேதை மேலும் மேதையாகிறார். அவரைச் சூழ்ந்திருந்த ஊர்க் கலைஞர்களும், மாணவர்களும், வீட்டுக்குள் வாசித்த பெண்களும் தம் சிறந்த படைப்பை இழந்து, நடுத்தரமானவர்களாக நினைவுகூரப்படுகிறார்கள். தவறான பெயர் ஒருவருக்கு உரிமையற்றதைக் கொடுக்கிறது. மற்றொருவரிடமிருந்து உரியதைப் பறிக்கிறது. வெற்றிடம் இவ்விரண்டில் எதையும் செய்வதில்லை.

இந்தக் கடைசிக் கருத்து லூட்டோடு நின்றுவிடுவதன்று. ஆய்வேடு என்றால் முடிவு வேண்டும், முடிவு என்றால் பெயர் வேண்டும் என்று எதிர்பார்க்கும் சூழலில்தான் பெரும்பாலான மாணவர்கள் எழுதுகிறார்கள். 'இது தெனியுடையது' என்ற வரி ஒரு கண்டுபிடிப்பாகப் பாராட்டப்படும். 'கோத்தியே, எவர் என்று பிரித்தறிய இயலவில்லை' என்ற வரி வேலை முடியாததன் அடையாளமாகத் தோன்றும். ஆனால் இரண்டாவது வரியை எழுதுவதற்கு அதே சுவடிகளைத் தேடியிருக்க வேண்டும், அதே பிழைகளை ஒப்பிட்டிருக்க வேண்டும், அதே சுருதிகளைச் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதன்பின்பும் சான்று போதவில்லை என்று சொல்வதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் மனவுறுதியும் தேவை. ஒரு தொகுப்பில் ஏறிய பெயர் அங்கேயே நிற்பதில்லை. இசைக்கலைஞர் அதைப் பதிவு செய்கிறார். பதிவின் உறையில் பெயர் அச்சாகிறது. நூலகப் பட்டியல் அதை ஏற்கிறது. அடுத்த ஆய்வாளர் பட்டியலை மேற்கோள் காட்டுகிறார். பத்தாண்டுகளில் ஓர் ஊகம் தகவலாகிவிடும். அதைத் திரும்பப் பெறுவது, முதலில் சொன்னதைக் காட்டிலும் பன்மடங்கு கடினம்.

மூத்தவரும் இளையவரும் இயற்றிய இசை இன்றும் வாசிக்கப்படுகிறது. எவருடையது என்று தெரியாத துண்டுகளும் அதே இனிமையோடு ஒலிக்கின்றன. கேட்பவரின் செவிக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. பெயர் தேவைப்படுவது வேறொரு காரணத்துக்காக. அந்த விரல்கள் ஒருவருக்குச் சொந்தமானவை. அவர் ஓர் ஊரில் வாழ்ந்தார், ஒருவரிடம் கற்றார், ஒருவருக்குக் கற்பித்தார். அவரை அடையாளம் காண முடிந்தால் அவர் பெயரை எழுத வேண்டும். முடியாவிட்டால், அந்த இடத்தை அவருக்காகக் காலியாக விட்டுவைக்க வேண்டும். இன்னொரு மாளிகையின் பரணிலிருந்து இன்னொரு சுவடி வரும் நாளில், அவர் வந்து அமர அங்கே இடம் இருக்கும்.